முதலில் சத்தம் வரும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோத்தகிரிப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். மலைப்பாதைக்கு ஏற்றது பழைய டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்பது தலைப்பு. டீசல் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். பின்னால் மஃப்ளர் கட்டி நிற்கிற டிரைவர் அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சற்றுமுன் பெட்ரோல் அணித் தம்பி ஒன்று சொன்னார், மண்டபமே கைதட்டியது. "பழைய டீசல் வண்டி எப்படி வரும் தெரியுமா? முதல்ல சத்தம் வரும். அப்புறம் புகை வரும். கடைசியாத்தான் வண்டி வரும்!"

விலை, மைலேஜ் என்று குறிப்பெழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த நாளிலிருந்து விலை வாதத்தில் பழைய பலமில்லை. அதை வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன். தம்பி சொன்ன மூன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நடுவர் அனுமதித்தால் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். முதலில் புகை, அடுத்து வண்டி, சத்தம் கடைசியில்.

புகை வரும் என்றார். வரும், மறுக்கவில்லை. ஆனால் என்ன நிறத்தில் வரும் என்று தம்பி சொல்லவில்லையே! காலையில் ஸ்டார்ட் செய்ததும் கண்ணெரிச்சலோடு வெள்ளைப் புகை வந்து, டீசல் வாடை அடித்தால், எரியாத டீசல் வெளியே போகிறது. குளிரில் எஞ்சினுக்குள் சூடேற்றித் தருகிற ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். ஒயரைக் கழற்றி மின்தடை பார்க்கிற மீட்டர் வைத்தால் நல்ல பிளக் 1 ஓமுக்குக் கீழே காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அந்தப் பிளக் செத்துவிட்டது. நான்கில் ஒன்று போனாலும் ஊட்டிக் குளிரில் வண்டி அரை நிமிஷம் நொண்டும். அதே வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

இந்த நீலப் புகைக்கு, பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அந்தத் துவாரத்தின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. மூடி குதித்துக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் எஞ்சினின் அடிப்பக்கத்துக்குக் கசிகிறது. விற்கிறவர் பெயின்ட் அடித்து எதையும் மறைக்கலாம், அந்த மூடியின் வாயை மூட முடியாது. இன்னொன்று, நீங்கள் போகும்போது பானெட் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், காலை ஸ்டார்ட்டிங்கை உங்கள் கண்ணில் காட்டாமல் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

மிச்சம் கரும்புகை. தம்பி கிண்டல் செய்தது அதைத்தான். காரணம் கேளுங்கள். ஊட்டி இருப்பது 2240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்றைத் திணித்துத் தருகிற டர்போ இல்லாத பழைய எஞ்சினின் பம்ப்புக்கு இந்தக் கணக்கு தெரியாது. அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு டீசல் தள்ளியதோ அதே அளவை மேலேயும் தள்ளும். எரிக்கக் காற்று போதாமல் மீந்தது கரியாக வெளியே வருகிறது. பம்ப் கடையில் சொல்லி, அதிகபட்ச டீசல் அளவுக்கான ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகக் குறைத்து, மேட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பின்னால் பாருங்கள். இளஞ்சாம்பலாக நூல் மாதிரி தெரிந்தால் சரி. அதோடு ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, டீசலைத் தெளிக்காமல் சொட்டுகிற நாசிலையும் மாற்றிவிட்டால் முக்கால்வாசிப் புகை போய்விடும். இதைச் செய்யாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தில் கரியைக் கக்கிக்கொண்டு போகிறவர் எங்கள் அணி இல்லை. அவருக்கு நானும் எதிரணிதான்.

பெட்ரோலுக்கும் அதே காற்றுதானே? கார்புரேட்டர் வண்டியை மேலே கொண்டுவந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி அப்பியிருக்கும். இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிக்கு சென்சார் இருக்கிறது, தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். அதை ஒப்புக்கொள்கிறேன். புகைக் கணக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது, "கடைசியாத்தான் வண்டி வரும்." தம்பி, வந்துவிடுகிறது இல்லையா? அந்த "வரும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அதைத்தான் நான் இனிப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

இந்த மண்டபத்தில் இருக்கிற யாரும் பார்க்காத காட்சி இல்லை இது. பொழுது சாய்கிற நேரம். பழைய ஜீப். பின்னால் கேரட் மூட்டை, மேலே இரண்டு பேர், உள்ளே எத்தனை பேர் என்று டிரைவருக்கே தெரியாது. டேங்கில் நாலைந்து லிட்டர் டீசல் இருக்கிறது, ஊர் போய்ச் சேரப் போதும். கொண்டை ஊசி வளைவில் வண்டி மூக்கைத் தூக்கியதும் டீசல் டேங்கின் பின்பக்கம் சாய்கிறது. முன்பக்கம் இருக்கிற உறிஞ்சுகுழாய் டீசலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. இரண்டு விக்கல். நின்றுவிட்டது.

பெட்ரோல் அணி இதைத்தானே கேட்பீர்கள்? "ஏர் லாக் ஆயிடுச்சுன்னா கதை முடிஞ்சுது!" கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. "சக்கரத்துக்குக் கல் வை!" என்று ஒரு குரல். மேலே இருந்த இருவரும் குதித்துக் கல் வைக்கிறார்கள். கேனில் இருக்கிற 5 லிட்டரை டேங்கில் ஊற்றுகிறார்கள். டிரைவர் பானெட்டைத் திறக்கிறார். டீசல் ஃபில்டர் தலையில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துகிறார். பக்கத்தில் இருக்கிற கைப்பம்ப்பை அமுக்குகிறார்... அமுக்குகிறார்... முதலில் "புஸ்" என்று காற்று. அப்புறம் சோப்பு நுரை மாதிரி டீசல். இங்கேதான் அவசரக்காரன் ஸ்க்ரூவை மூடுவான். வண்டி ஸ்டார்ட் ஆகி, நூறடி போய், மறுபடி நிற்கும். தெரிந்தவர் விடாமல் அமுக்குவார். நுரை போய், குமிழி போய், கண்ணாடி மாதிரி டீசல் வழிய வேண்டும். வழிகிறபோதே இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் ஸ்க்ரூ. அங்கேயும் நுரை, அங்கேயும் பொறுமை. அப்புறம் 17 நம்பர் ஸ்பேனர் வைத்து இரண்டு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்கிறார். துளித்துளியாகத் தெறித்ததும் இறுக்குகிறார். அந்த நேரத்தில் விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மறுபடி செல்ஃப். பேட்டரி "இக்... இக்..." என்று கெஞ்சுகிறது. அவ்வளவுதான் போச்சு என்று நினைக்கிறீர்களா? மலைக்காரனுக்குச் சரிவுதான் இரண்டாவது செல்ஃப் மோட்டார். டிராக்டரோ லாரியோ மேலே வரை இழுத்து விட்டால் போதும். நேரான, மெல்லிய இறக்கமாகப் பார்த்து, சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியர் போட்டு உருளவிட வேண்டும். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சுசக்தி தருகிற பம்ப், பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. எஞ்சின் ஓடாத வரை பிரேக் பெடல் கல் மாதிரி இறுகும். வளைவை நோக்கி உருட்டவே கூடாது. இதை மறந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

பிடித்துக்கொண்டதா? இனி பேட்டரியே செத்தாலும், மின்சாரம் இல்லாமல் கேபிளை இழுத்தே நிறுத்துகிற மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பொறி வேண்டாம், காயில் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டாம். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக அடித்தால் அடி சுடுகிறதே, அந்தச் சூடுதான் இதற்கு நெருப்பு. பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்கினால், இது இருபதில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிக்கிறது. கார்த்திகை மாதத்து மூடுபனியில் பழைய பெட்ரோல் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் துணியால் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நனைவதற்குப் பொறியே இல்லாத எஞ்சினைப் பனி என்ன செய்யும்?

பனி ஒன்று செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். பாதி காலியான டேங்குக்குள் இரவில் ஈரம் தண்ணீராக இறங்கும். அந்தத் தண்ணீர்தான் பம்ப்புக்கு எமன். சாயங்காலமே டேங்கை நிரப்பி வையுங்கள். வாரம் ஒருமுறை, வண்டி ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற பிறகு, ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தெளிந்த டீசல் வருகிற வரை விடுங்கள்.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டியது 1897. இரண்டே வருஷம் கழித்து, 1899ல் நம் மலைரயில் குன்னூர் வரை ஏறியது. பல்சக்கரப் பாதையில் ஏறுகிற நீராவி இன்ஜினைப் பார்க்க உலகமே வருகிறது. குன்னூரில் அந்த நீராவி கழன்றுகொள்ள, அங்கிருந்து ஊட்டிக்கு இழுத்துப் போவது யார்? டீசல்! 1489 சி.சி. டீசல் அம்பாசடரும், பியூஜோ எஞ்சின் போட்ட 2112 சி.சி. ஜீப்பும், 1994ல் வந்த சுமோவும், 2000த்தில் வந்த குவாலிஸும் இதே மேட்டில் ஏறியவைதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும். வளைவில் எஞ்சினை அலறவிடாமல் இரண்டாவது கியரில் சுமையோடு ஏறலாம்.

இறக்கத்தில் பெட்ரோல் எஞ்சின்தான் நன்றாகப் பிடிக்கும் என்றார் எதிரணித் தலைவர். காற்று போகிற வழியில் இருக்கிற த்ராட்டில் வால்வை மூடினால் அது உறிஞ்ச முடியாமல் இழுத்துப் பிடிக்கும், பல டீசல்களில் அந்த வால்வு கிடையாது. சொன்னது சரி. அதனால்தான் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் டீசல் டிரைவர் பெட்ரோல்காரரைவிட ஒரு கியர் கீழே இறங்குகிறார்.

மூன்றாவது. "முதல்ல சத்தம் வரும்."

வாருங்கள் தம்பி, இதற்காகத்தான் காத்திருந்தேன். டீசல் உள்ளே தெளித்ததும் உடனே பற்றாது. கண்ணிமைக்கும் நேரம் தயங்கும். தயங்கிய நேரத்தில் சேர்ந்ததெல்லாம் ஒன்றாகப் பற்றும்போது எழுவதுதான் அந்த "டக்". குளிரில் தயக்கம் அதிகம், அதனால் காலையில் சத்தம் அதிகம். சூடேறினால் குரல் தணியும். அந்தச் சத்தத்திலேயே நோயைப் பிடிக்கிற மெக்கானிக்குகள் இந்த மலையில் இருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் நட்டாகத் தளர்த்துவார். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. தளர்த்தியும் சத்தம் மாறவில்லையா? நோய் அங்கேதான்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள்.

இந்தச் சத்தத்தைத் தம்பி ரோட்டில் நின்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குள்ளிருந்து கேட்டுப் பார்த்தாரா? தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. டார்ச் அடித்தால் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. உள்ளே பிரசவ வலி வந்த பெண். செல்போனில் சிக்னல் போய்ப் போய் வருகிறது. வண்டி புறப்பட்டதா, இல்லையா, யாருக்கும் தெரியாது. வாசலில் அவளுடைய மாமியார் முக்காட்டைத் தளர்த்திக் காதைத் தீட்டி நிற்கிறாள். தவளைச் சத்தம். ஓடைச் சத்தம். பள்ளத்தாக்கின் அடியில், எங்கேயோ ரொம்பத் தூரத்தில், "டக் டக் டக்" என்று ஒரு சத்தம். விளக்கு வெளிச்சம் தெரியக் கால்மணி நேரம் ஆகும். வண்டி வந்து நிற்க இன்னும் ஐந்து நிமிஷம். ஆனால் சத்தம் வந்துவிட்டது! "வந்துட்டான் கண்ணு, வந்துட்டான், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று உள்ளே ஓடுகிறாளே, அந்தக் கால்மணி நேரத் தைரியத்தை எந்தச் சத்தமில்லாத வண்டி கொடுக்கும்?

கேரட் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு நடுராத்திரி மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்புகிற பிள்ளைக்காகத் தூங்காமல் கிடக்கிற தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன். எத்தனை ஜீப் போனாலும், கீழ்வளைவில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கியர் மாறுகிற அந்த ஒரு சத்தம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்டதும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பீர்கள். அவன் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கை கழுவி உள்ளே வரும்போது தட்டில் சோறு ஆவி பறக்கும்.