யாக்கோபின் சகோதரர்

நேயர்களுக்கு வணக்கம். இயேசு என்று ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அவர் உயிர்த்தெழுந்தாரா என்பது விசுவாசத்தின் கேள்வி. அதை நான் தொடப்போவதில்லை. கலிலேயாவிலிருந்து வந்த ஒரு யூதப் போதகர் ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் அறையப்பட்டாரா? இன்றைய கேள்வி இவ்வளவுதான். ஆம், அது நடந்தது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

‘கல்வெட்டு உண்டா?’ என்றுதான் பலரும் கேட்பார்கள். இல்லை. ஆனால் யூதேயாவைப் பத்தாண்டு ஆண்ட பிலாத்துவின் பெயரே 1961 வரை எந்தக் கல்லிலும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டில்தான் செசரியா நகரின் பழைய அரங்கைத் தோண்டிய இத்தாலிய ஆய்வாளர்கள், படிக்கட்டுக்குப் போட்டிருந்த ஒரு கல்லில் அந்தப் பெயரைக் கண்டார்கள். ஆளுநருக்கே இந்த நிலை என்றால், ஊர் ஊராக நடந்து போதித்த ஓர் ஏழைக்கு யார் கல்வெட்டு வைத்திருப்பார்கள்?

எனவே ஏடுகளிடம்தான் போக வேண்டும். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் 93ஆம் ஆண்டையொட்டி எழுதிய பெருநூலில் இயேசு இரண்டு இடங்களில் வருகிறார். 18ஆம் புத்தகத்தில் வரும் பகுதி ஒரே புகழ்ச்சி. பிரதியெடுத்த கிறிஸ்தவர்கள் அதில் கைவைத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதை ஒதுக்கிவிடுவோம். 20ஆம் புத்தகத்துக்கு வாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கி.பி. 62. ரோம ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார். அடுத்து வரவேண்டிய அல்பினுஸ் இன்னும் வந்து சேரவில்லை. கேட்பாரில்லாத அந்த நேரம் பார்த்து, தலைமைக் குரு அனனுஸ் யூதர்களின் நீதிமன்றமான நியாய சங்கத்தைக் கூட்டி, யாக்கோபு என்பவரையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கிறார். நகரத்தின் நியாயவான்கள் கொதித்துப்போகிறார்கள். சிலர் வழியிலேயே அல்பினுஸைச் சந்தித்து முறையிடுகிறார்கள். பதவிக்கு வந்து மூன்றே மாதத்தில் அனனுஸ் நீக்கப்படுகிறார்.

இது அனனுஸைப் பற்றிய செய்தி. இயேசுவைப் பற்றியது அல்ல. எந்த யாக்கோபு என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, ‘கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர்’ என்று ஜோசபஸ் எழுதிச் செல்கிறார். புகழவில்லை, இகழவில்லை. தெருவில் ஒருவரை ‘இன்னாருடைய தம்பி’ என்று நாம் அடையாளம் சொல்கிறோமே, அப்படி. எருசலேமின் குருக்கள் குடும்பத்தில் பிறந்த ஜோசபஸுக்கு அப்போது ஏறக்குறைய 25 வயது.

அந்தச் சொற்களும் இடைச்செருகலே என்று வாதிடுவோர் உண்டு. சரி, தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகர் பவுலிடம் கேட்போம். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், ‘என் நற்செய்தியை எந்த மனிதரிடமும் கற்கவில்லை’ என்று நிலைநாட்டத் துடிக்கிறார் பவுல். அந்தத் துடிப்பின் நடுவிலேயே, எருசலேமில் இயேசுவின் சீடர் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் ஒப்புக்கொள்கிறார். பொய் சொல்லவில்லை என்று கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். தன் வாதத்துக்கு இடைஞ்சலான செய்தியை யார் இட்டுக்கட்டுவார்கள்?

சகோதரர் என்றால் சக விசுவாசிதானே என்பார்கள். அதே இடத்தில் வரும் பேதுருவுக்கு அந்த அடைமொழி இல்லையே! மறுபடியும் சொல்கிறேன், நேயர்களே: பவுல் நேரில் பார்த்தது ஒரு சகோதரரை. கற்பனையில் மட்டும் வாழ்ந்தவருக்கு எருசலேமில் சகோதரர் எப்படி இருப்பார்?

நேரம் நெருங்கிவிட்டது. ரோமைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 64ஆம் ஆண்டின் பெருந்தீயைப் பற்றி எழுதும்போது, பேரரசர் திபேரியு காலத்தில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் குறிப்பிடுகிறார். கிறிஸ்தவர்களை அருவருத்தவர் அவர். அந்தச் சாட்சியையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.