செமஸ்டர் முடிகிறது, பெட்டி காத்திருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போன பிள்ளைகள் கிளம்பும் நேரம் இது. கடைசி இரண்டு வாரமும் பேச்செல்லாம் பெட்டியைப் பற்றித்தான். 23 கிலோவுக்குள் அடங்குமா, பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கணுமா? ஆமாம், கைப்பையில்தான். பெட்டி கட்டுவது ஒரு ராத்திரி வேலை. படித்த படிப்பு ஊரில் செல்லுபடியாக வேண்டுமே, அதற்கான வேலையைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஒரு கல்வியாண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. அங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, நூலகம், தேர்வுக்குப் படித்தது எல்லாம் அதில் சேர்த்தி. அமெரிக்காவில் ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுப்பது வழக்கம். ஆகவே சான்றிதழில் ‘6 கிரெடிட்’ என்று மட்டும் இருந்தால், சொந்தக் கல்லூரியில் அதை எதோடு ஒப்பிடுவார்கள்?

அடுத்தது நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயம்: சிலபஸ். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் ஒரே வரிதான் இருக்கும். ‘புள்ளியியல் அறிமுகம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிகழ்தகவோடு நிறுத்தினார்களா, ரிக்ரெஷன் வரைக்கும் போனார்களா என்று துறைத்தலைவர் கேட்பார். கேட்கத்தான் செய்வார், அது அவர் வேலை. அப்போது காட்ட வேண்டியது வாரவாரியாக என்ன நடந்தது என்ற சிலபஸ், வகுப்பு நேரம், பாடநூல் பட்டியல், தேர்வுக்கு எவ்வளவு கட்டுரைக்கு எவ்வளவு என்ற மதிப்பெண் பங்கீடு. ஆசிரியர் திருத்திக் கொடுத்த கட்டுரைகளையும் சேர்த்து வையுங்கள்.

‘இணையத்தில்தான் இருக்கிறதே, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அங்கேதான் சிக்கல். நீங்கள் அங்கே மாணவராகப் பதிவாகியிருக்கும் காலம் முடிந்தபின் மாணவர் கணக்கை மூடிவிடுவார்கள்; பல்கலைக்கழக மின்னஞ்சலும் அதோடு போகும். பொதுப் பக்கத்தில் இருப்பதோ அடுத்த ஆண்டு சிலபஸாக மாறியிருக்கும். அதனால் கணக்குக்குள் இன்னும் நுழைய முடிகிறபோதே பிடிஎஃப்பாக இறக்கி, சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், சொந்த மின்னஞ்சலுக்கு. நடுவில் ஒரு பாடத்தை மாற்றி வேறொன்று எடுத்திருந்தால், இரண்டு கல்லூரிகளும் ஒப்புக்கொண்ட கடிதமும் வேண்டும். வாய்ச்சொல் எடுபடாது.

அடுத்து, மூடும் வரிசை. அறையைக் காலி செய்யும்போது சுவர், மெத்தை, அடுப்பு, மின் மீட்டர் எண் எல்லாவற்றையும் விளக்கைப் போட்டுப் படம் எடுங்கள். சாவி கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகலாம். அது வருவதற்குள் வங்கிக் கணக்கை மூடினால் பணம் நடுவழியில் நிற்கும். கணக்கு இருக்கும்போதே சிம்மை ரத்து செய்தால் ஓடிபி வராது, கணக்குக்குள் நுழையவே முடியாது. ஆக முதலில் அட்வான்ஸ், பிறகு வங்கி, கடைசியில் சிம். பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் பார்த்து எழுதுவதையும் அங்கிருக்கும்போதே செய்வது நல்லது. ‘அருமையான அனுபவம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. முதல் வாரம் வீட்டுக்கு அனுப்பிய செய்திகளை எடுத்துப் படியுங்கள். அன்று யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுச் செய்தது எது, இன்று யோசிக்காமல் செய்வது எது? கருத்தரங்கில் எத்தனையாவது வாரம் வாய் திறந்தீர்கள், எதைப் பற்றி? தேதி போட்டு எழுதினால், நாளைக்கு நேர்காணலில் கேட்கும்போது சொல்வதற்குச் சரக்கு இருக்கும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஊர் திரும்பியபின் வரும் சோர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவரை ஆராய்ந்த லிஸ்கார்ட், வெளிநாட்டில் இருக்கும்போது உற்சாகம் முதலில் இறங்கிப் பிறகு ஏறும் என்று 1955-இல் எழுதினார். வீடு திரும்பியபின் அது இன்னொரு முறை இறங்கி ஏறும் என்று 1963-இல் கல்லஹார்ன் தம்பதி சேர்த்தார்கள். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. நடந்தால் பயப்பட வேண்டாம். மதிப்பெண் பட்டியல் எப்போது வரும் என்று கிளம்புமுன் அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். வராவிட்டால் மறுநாளே எழுதிக் கேளுங்கள். வணக்கம்.