கஞ்சாவுக்கு லைசென்ஸ் கொடுத்த ஊரில் காசு யாருக்குப் போனது? கம்பம் தம்பியின் சந்தேகம்

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணே, அமெரிக்காவில் கஞ்சாவைக் கடை போட்டு விற்கிறார்களே, முன்னால் இதே பொருளுக்காக ஜெயிலுக்குப் போனவனுக்கு அதில் ஏதாவது கிடைத்ததா, இல்லை அங்கேயும் பணக்காரன்தானா?" நல்ல கேள்வி. விற்கச் சொல்லியோ இழுக்கச் சொல்லியோ நான் பேசவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வந்து திட்டாதீர்கள்.

குமுளியில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இது புரிய அவ்வளவு தூரம் போக வேண்டாம். லாட்டரிச் சீட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை, விற்றால் கேஸ். செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கேரள அரசாங்கமே 1967-லிருந்து அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறது. கம்பத்தில் ஒளித்து விற்று மாட்டியவனைக் கூப்பிட்டு, வாப்பா, இந்தப் பக்கம் உனக்கு ஏஜென்சி தருகிறோம் என்று யாராவது சொன்னார்களா? ஏஜென்சி எடுத்தவர் கடைக்குள் ஃபேன் காற்றில் இருக்கிறார், பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வெயிலில் நிற்பவர் வேறொருவர்.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். கறுப்பர்களும் வெள்ளையர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள், ஆனால் கையில் வைத்திருந்ததற்காகக் கைதாகிற வாய்ப்பு கறுப்பருக்கு 3.64 மடங்கு என்று ஏசிஎல்யூ என்ற குடியுரிமை அமைப்பின் 2020 அறிக்கை சொல்கிறது. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் ஓட்டுப் போட்டு அனுமதித்தன, அப்புறம் ஒவ்வொரு மாநிலமாக வந்தது. ஜான் போனர் என்று நாடாளுமன்றக் கீழவையில் சபாநாயகராக இருந்தவர், பதவியில் இருந்த காலமெல்லாம் இதை எதிர்த்தவர், 2018-இல் ஒரு கஞ்சா கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் போய் உட்கார்ந்தார். மனம் மாறுவது தப்பில்லை, மாறின மனசுக்குப் பங்கும் கிடைத்தது பாருங்கள்.

சரி, ஏழை ஏன் கடை போட முடியவில்லை? மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் அது தடையாகவே கிடந்தது, அதனால் பெரும்பாலான பேங்க் கடன் தராது, கைக்காசு இருக்கிறவன்தான் இறங்க முடியும். அதோடு வருமான வரியில் 280இ என்று ஒரு பிரிவு, 1982-இல் போதைக் கடத்தல்காரனைக் குறிவைத்துப் போட்டது. சரக்கின் அடக்க விலையைக் கழிக்கலாம், கடை வாடகையையும் ஆள் சம்பளத்தையும் கழிக்க முடியாது. நம்ம ஏலத் தோட்டத்துக்காரரிடம், ஜீப் வாடகையைக் காட்டாதே, கணக்குப்பிள்ளை சம்பளத்தைக் காட்டாதே, வந்ததற்கெல்லாம் வரியைக் கட்டு என்று சொன்னால் எப்படி இருக்கும்? நூறு ஏக்கர்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டுவார், ஒரு ஏக்கர்க்காரர் அடுத்த சீசனிலேயே தோட்டத்தை விற்றுவிடுவார்.

இதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரம் 2017-இல் முதல் கட்ட லைசென்ஸில் பாதியை, வருமானம் குறைந்தவர்களில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கும் போலீஸ் கெடுபிடி அதிகமாக இருந்த பகுதிகளில் பல வருஷம் குடியிருந்தவர்களுக்கும் ஒதுக்கியது. பெரிய ஆள் ஒருவர் இவர்களில் ஒருவருக்கு 3 வருஷம் வாடகையில்லாமல் 1,000 சதுர அடி கொடுத்தால் அந்தப் பெரிய ஆளுக்கு லைசென்ஸ் வரிசையில் முன்னுரிமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடம் ஒருவனுடையது, முதல் ஒருவனுடையது, லைசென்ஸில் பெயர் மட்டும் இவனுடையது என்றால் அதற்கு நம்ம ஊரில் பெயர் பினாமி, பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இலினாய் மாநிலத்தில் 2020 ஜனவரி 1-ஆம் தேதி விற்பனை தொடங்கியது, ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்ற கம்பெனிகள் அன்றைக்கே கடையைத் திறந்துவிட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கான லைசென்ஸ் விண்ணப்பம், குலுக்கல், கோர்ட் வழக்கு என்று இழுத்து, அவர்களுடைய முதல் கடை திறக்கும்போது 2022 நவம்பர். கிட்டத்தட்ட மூன்று வருஷம். அதற்குள் வாடிக்கையாளர் எந்தக் கடைக்குப் பழகியிருப்பார்?

ஆனால் அதே இலினாயில் ஒன்று உருப்படியாக நடந்தது. விற்பனைக்கு முந்தின நாள், 2019 டிசம்பர் 31 அன்று, சின்ன அளவு கஞ்சா வழக்கில் தண்டனை பெற்ற 11,017 பேருக்கு ஆளுநர் மன்னிப்புக் கொடுத்தார். என்னைக் கேட்டால் கடை லைசென்ஸைவிட இதுதான் பெரியது, ஏனென்றால் கடை கொஞ்சப் பேருக்குத்தான் கிடைக்கும், பழைய கேஸ் போனால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் தலைநிமிர்ந்து போகலாம்.

நம்ம பக்கம் எப்படி என்றால், 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 வருஷம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. போன மாதம் ஒரு அம்மா வந்தார், காய் எடுக்கிற வேலை, நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை போகவே இல்லை, மகனுடைய எஃப்ஐஆர் நகலை ரேஷன் கார்டு கவருக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். ஆந்திரா பக்கமிருந்து வந்த பையைக் கம்பம்மெட்டு வரை கொண்டுவந்து தந்தால் மூவாயிரம் ரூபாய் என்று பையனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையில் 22 கிலோ. பைக்குச் சொந்தக்காரன் யாரென்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, எஃப்ஐஆரிலும் இல்லை. வாய்தாவுக்கு மதுரைக்குப் போய்வர அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது.

அதனால் தம்பி, இங்கேயும் ஒரு நாள் அனுமதித்தால் லைசென்ஸ் யாருக்கு என்று பிறகு கேட்கலாம், உள்ளே இருக்கிறவன் கேஸ் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். அப்புறம், உத்தரகாண்டில் 2018-லிருந்து அனுமதித்திருப்பது போதைச் சத்து மிகக் குறைந்த, நாருக்காக வளர்க்கிற கஞ்சா வகைச் செடி. அதைக் காட்டி "கஞ்சா கம்பெனியில் பங்கு போடுங்கள்" என்று யாராவது போனில் கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். அடுத்த கேள்வி வண்டன்மேட்டிலிருந்து, பட்டா விஷயம்.