மூணு நாளுக்கு ஒரு மாடி

எல்லாருக்கும் வணக்கம். சீனாக்காரங்களோட நம்பிக்கை, கவலை ரெண்டையும் பத்தி அரை மணி நேரம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. 140 கோடி பேரை அரை மணி நேரத்துல பேசுனா அது பேச்சில்ல, கப்சா. அதனால ஒரே ஒரு ஊர், ஷென்ஜென்.

ஹாங்காங்கை ஒட்டுனாப்புல இருக்கிற ஊரு. 1980ல அதை சிறப்புப் பொருளாதார மண்டலமா அறிவிச்சப்ப சுத்துப்பட்டு கிராமத்தையெல்லாம் சேத்தே 3 லட்சம் சொச்சம் பேர்தான், 2020 சென்சஸ்ல 1 கோடியே 75 லட்சம். இதெல்லாம் ஒரு லாரி லோடுல ஆரம்பிச்சதுன்னு சொன்னா நம்புவீங்களா?

ஷெகோன்னு ஒரு பகுதி, அங்க 1979ல துறைமுக வேலை நடந்துட்டு இருக்கு. அதுவரைக்கும் சீனாவுல எவ்வளவு மாடா உழைச்சாலும் சும்மா உக்காந்திருந்தாலும் ஒரே சம்பளம், 'பெரிய சட்டிச் சோறு'ன்னு அவங்களே கிண்டலா சொல்லுவாங்க. ஷெகோவுல என்ன பண்ணாங்கன்னா, ஒரு நாளைக்கு இத்தனை லோடு மண்ணுன்னு கோட்டா வச்சு, அதுக்கு மேல அடிக்கிற ஒவ்வொரு லோடுக்கும் 4 ஃபென், அதாவது நம்ம பைசா மாதிரி, போனஸ்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், டிரைவர்ங்க பறந்தாங்க! மேலிடத்துல இது முதலாளித்துவம்னு நிறுத்துனாங்க, லோடு குறைஞ்சுது, விஷயம் டெல்லி மாதிரி பெய்ஜிங் வரைக்கும் போயி மறுபடி அனுமதி வந்துச்சு. அங்க தலைமையில இருந்த யுவான் கெங் ஒரு போர்டு வச்சாரு, 'நேரமே பணம், திறனே உயிர்'னு. இன்னிக்கும் அந்த போர்டு அங்க இருக்கு.

1985ல 53 மாடிக் கட்டடம் ஒண்ணை முடிச்சாங்க, மேல போகப்போக மூணு நாளுக்கு ஒரு மாடின்னு ஏத்துனாங்க. 'ஷென்ஜென் வேகம்'ங்கிற பேரே அதுல வந்ததுதான். அந்த ஊர்க்காரங்க நம்பிக்கையை நாம சும்மா பிரச்சாரம்னு ஒதுக்கிட முடியாதுங்க, வயல்ல நின்னவன் தன் கண்ணு முன்னாடியே மாடி ஏறுறதைப் பாத்தவன் அவன். இப்பவும் வேகம் நிக்கல, 2017லயே ஊர்ல ஓடுற 16,000 சொச்சம் பஸ்ஸையும் கரண்ட் பஸ்ஸா மாத்திட்டாங்க.

சரி, அப்புறம் ஏன் பசங்க புலம்புறாங்க?

லாரி டிரைவரோட பேரன் இப்ப சாப்பாடு டெலிவரி பண்றான்னு வச்சுக்குங்க. அவனுக்கும் லோடு கணக்குதான். ஆனா 3 கிலோமீட்டருக்கு 2016ல ஒரு மணி நேரம் குடுத்த ஆப், 2018ல 38 நிமிஷம்தான் குடுத்துச்சுன்னு 2020ல ஒரு சீனப் பத்திரிகை விலாவாரியா எழுதுச்சு. ஏன் குறைஞ்சுது? இவன் சிக்னல்ல நிக்காம உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு சீக்கிரமா போனான்ல, அந்த நேரத்தையே ஆப் பாடமா எடுத்துக்கிட்டு நாளைக்கு எல்லாருக்கும் அதான் டைம்னு வச்சிருச்சு. தாத்தாவுக்கு கூடுதல் லோடுக்கு காசு, பேரனுக்கு கூடுதல் ஓட்டம்தான் கோட்டா. இதை அவங்க 'நெய்ஜுவான்'னு சொல்றாங்க, உள்ளுக்குள்ளயே சுருண்டுக்கிறதுன்னு அர்த்தம். கொட்டகையில முன்வரிசைக்காரன் எந்திரிச்சு நின்னா பின்னாடி எல்லாரும் நிக்கணும், படம் என்னவோ அதே படம்தான், கால்வலி மட்டும் மிச்சம்னு அவங்களே உதாரணம் சொல்லுவாங்க.

ஆபீஸ் பசங்களுக்கு இதே கதைதான், பேரு 996. காலைல 9லருந்து ராத்திரி 9, வாரம் 6 நாள். அலிபாபா கம்பெனியை ஆரம்பிச்ச ஜாக் மா 2019ல இது ஒரு பாக்கியம்னாரு, 2021ல உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோதம்னுச்சு. அதே 2021ல பசங்க கண்டுபிடிச்ச வார்த்தை 'தாங் பிங்', மல்லாந்து படுத்துக்கிறது. வீடு வேணாம், கல்யாணம் வேணாம், ஆளை விடுங்க!

வீடுன்னதும் ஞாபகம் வருது. அங்க ஒரு ஃபிளாட் வாங்க 'ஆறு பர்ஸ்' வேணும்பாங்க, ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி அப்பா அம்மா எல்லார் சேமிப்பும். அந்த சேமிப்பையெல்லாம் நம்பி ஊதிப்போன, வீடு கட்டி விக்கிற எவர்கிராண்ட் கம்பெனிக்கு தலைமை ஆபீஸ் ஷென்ஜென்லதான் இருந்துச்சு, 2021 செப்டம்பர்ல காசு போட்ட ஜனங்க அந்த வாசல்ல நின்னு கத்துனாங்க, 2024 ஜனவரியில ஹாங்காங் கோர்ட் கம்பெனியை மூடச் சொல்லிருச்சு.

இதுல நம்பிக்கைக்காரங்க ஒரு கட்சி, கவலைப்படுறவங்க எதிர்க்கட்சின்னு பிரிக்காதீங்க. கரண்ட் பஸ்ல பெருமையா போறவரும் அவர்தான், அதே பஸ்ல உக்காந்துக்கிட்டு 35 ஆகப்போகுதேன்னு வேர்த்துப்போறவரும் அவர்தான். நிறைய வேலை விளம்பரத்துல 35க்கு மேல வேணாம்னு போடுறாங்க, ஆனா 2025லருந்து ஆம்பளைங்க ரிட்டயர்மெண்ட் வயசு 60லருந்து கொஞ்சம் கொஞ்சமா 63க்கு ஏறுது. நடுவுல 28 வருஷம் என்ன பண்றதுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல.

துண்டுச்சீட்டு வந்துருச்சு, டைம் முடிஞ்சதாம். ஷெகோ போர்டை இங்கயும் மாட்டிட்டாங்க போல. கேள்வி இருந்தா வெளிய டீக்கடையில கேளுங்க, அங்க எனக்கு அவசரமில்ல.