புடலங்காய்க்குக் கல் கட்டுவது எதற்கு?

(தலைப்பு: பிள்ளைகளின் சிந்தனை வளர்வது வயதாலா, வாய்ப்பாலா? ‘வாய்ப்பாலே’ அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கு வணக்கம். இரு அணிக்கும் வணக்கம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனி வணக்கம். இன்றைய தலைப்பே உங்கள் மடியில்தான் படுத்திருக்கிறது.

எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார். “புடலங்காயைப் பிடிச்சு இழுத்தா நீளுமா? வேளை வந்தா தானா நீளும். பிள்ளை மூளையும் அப்படித்தான்” என்றார். நீங்களும் விசிலடித்தீர்கள். எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டேன், நடுவர் அவர்களே. முதலில் புடலங்காயைப் பேசிவிடுவோம்.

அண்ணே, புடலை போட்ட எந்த வீட்டுக் கொல்லைக்கும் போய்ப் பாருங்கள். பிஞ்சு சாண் நீளம் வந்ததும் அதன் நுனியில் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கட்டாமல் விட்ட காய் பாம்பு மாதிரிச் சுருண்டுகொள்ளும், சந்தையில் விலை போகாது. அதற்காக எந்தக் கல்லையும் கட்டிவிட முடியுமா? நெல்லிக்காய் அளவு போதும். தேங்காய் அளவில் கட்டினால் பிஞ்சு காம்போடு அறுந்து விழும். சுருண்டு முற்றிய பிறகு கட்டினாலோ நூல்தான் வீண். இங்கே யாரும் காயை இழுக்கவில்லை. வளர்வது காய், நேராக வளர வழி காட்டுவது கல். அந்தக் கல்லுக்கும் முன்னால் கொடி படர ஒரு பந்தல் வேண்டும். தரையில் கிடக்கிற கொடிக்குக் கல் கட்டி என்ன பயன்? நீங்கள் எங்களை நோக்கி எறிந்த புடலங்காய், அண்ணே, எங்கள் பந்தலில் காய்த்தது!

இதே பந்தலை ஆராய்ச்சிக்காரர்கள் கட்டடக்காரர் பாஷையில் ‘சாரம்’ என்றார்கள். 1976-ல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர், மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்கு 21 மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு பிரமிடு கட்டச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு ஆசிரியை. மூன்று வயதுக்குக் கட்டையைக் காட்டி ஆசை மூட்டவே அவருக்கு நேரம் போனது. நான்கு வயதுக்கு வாயால் சொன்னால் போதும்: “இது சரியா உக்காரலையே, திருப்பிப் பாரு.” ஐந்து வயதோ தானே கட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும், “சரிதான்” என்று ஒரு தலையசைப்புக்காக. மூன்று வெவ்வேறு வயதுக்கு மூன்று வெவ்வேறு கல், ஒவ்வொன்றும் வேறு எடை. நாம் செய்கிற தவறு இங்கேதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதின் கல்லைக் கட்டுகிறோம், அது அழுகிறது. ஐந்து வயதுக்காரனுக்கு மூன்று வயதின் கல்லைக் கட்டுகிறோம், அவன் எழுந்து ஓடிவிடுகிறான்.

வயதே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்விட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் பியாஜே செய்த தண்ணீர்ச் சோதனையை எதிரணித் தங்கை சொன்னார். ஒரே மாதிரி இரண்டு டம்ளர், ஒரே அளவு தண்ணீர். ஒன்றை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால் நாலு வயது “இதிலதான் நிறைய” என்னும். ஏழு வாக்கில் “ரெண்டும் ஒண்ணுதானே, ஊத்தினது நீங்கதானே” என்னும். உண்மை. ஆனால் 1969-ல் வெளிவந்த மெக்சிகோ ஆய்வையும் கேளுங்கள். மண்பாண்டம் வனைகிற வீட்டுப் பிள்ளைகளையும் அதே வயது மற்றப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். உருண்டையை நீட்டினாலும் தட்டினாலும் மண் அதே மண்தான் என்பது குயவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. விடிந்தால் கையில் களிமண் அல்லவா!

இப்போது தேங்காய்க் கதைக்கு வருகிறேன். பிரேசில் நாட்டில் ரெசிஃபி என்ற ஊர். 1985-ல் வந்த ஆய்வு. தெருவில் இளநீர், தேங்காய் விற்கிற பன்னிரண்டு வயதுப் பையன். ஆராய்ச்சிக்காரர் வாடிக்கையாளர் மாதிரிப் போய் நிற்கிறார். “ஒரு காய் என்ன விலை?” “முப்பத்தஞ்சு.” “பத்து வேணும், எவ்வளவு?”

பையன் கொஞ்சம் யோசிக்கிறான். “மூணு காய் 105. இன்னொரு மூணு, 210. இன்னும் நாலு வேணும்... 315... 350.” காகிதம் இல்லை, பேனா இல்லை.

கவனித்தீர்களா, அவன் என்ன செய்தான் என்று? நம் பள்ளியில் பத்தால் பெருக்கு என்றால் பின்னால் ஒரு சைபர் போடு என்போம். அவன் சைபர் போடவில்லை. தினம் மூணு மூணாக விற்றுப் பழகிய கை. 105 அவனுக்கு மனப்பாடம். தெரிந்த இடத்தில் காலை ஊன்றினான். மூணு, ஆறு, ஒன்பது. அதோடு நிற்கவில்லை, ஒன்று பாக்கி என்பதையும் மறக்கவில்லை. பத்தை உடைத்தான், சேர்த்தான், மிச்சத்தைச் சரிபார்த்தான். இதற்குப் பெயர் சிந்தனை இல்லையென்றால் வேறு எதற்கு?

அடுத்த காட்சி. ஒரு வாரத்துக்குள் அதே பையன் முன்னால் காகிதம். 35 பெருக்கல் 4. சொல்லிக்கொண்டே எழுதுகிறான்: “நாலஞ்சு இருபது. மிச்சம் ரெண்டு. ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சு நாலு இருபது.” விடை, 200!

எங்கே தவறினான்? பெருக்கிவிட்டுக் கூட்ட வேண்டிய மிச்சத்தை முதலிலேயே கூட்டிவிட்டான். கணக்கு மாஸ்டர்கள் தினமும் பார்க்கிற தவறு இது. ஆனால் தெருவில் நாலு காய் கேட்டபோது 140 என்று சரியாகச் சொன்னவனும் அவனேதான். மூணு காய் 105 என்று கை வைத்த இடம் தெருவில் இருந்தது, காகிதத்தில் இல்லை. அங்கே 35 விலையாக இல்லை, வெறும் எண்ணாக நின்றது.

மறுபடியும் சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். அதே பையன். அதே மூளை. அதே பன்னிரண்டு வயது. தெருவில் 140, காகிதத்தில் 200. ஒன்பது முதல் பதினைந்து வயது வரை ஐந்து பிள்ளைகளைச் சோதித்தார்கள். தெருவில் நூற்றுக்கு 98 சரி. கதைக் கணக்காகக் கொடுத்தால் 74. வெறும் எண்களாகக் கொடுத்தால் 37. ஒரு வாரத்தில் வயதா குறைந்தது, அண்ணே?

வகுப்பறையை நான் குறை சொல்லவில்லை. அதுவும் ஒரு பந்தல்தான். 1930-களின் தொடக்கத்தில் லூரியா என்ற ரஷ்ய அறிஞர் உஸ்பெகிஸ்தானில் எழுத்தறியாத பெரியவர்களைக் கேட்டார்: பனி பெய்கிற வடக்கே கரடியெல்லாம் வெள்ளை, இன்ன ஊர் வடக்கே இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்? “நான் பார்த்தது கறுப்புக் கரடி. போய்ப் பார்த்தவனைக் கேளுங்கள்” என்ற மாதிரிப் பதில் வந்தது. வாழ்க்கையில் கெட்டிக்காரர்கள்தான். காணாததைச் சொல்லை வைத்தே முடிவு செய்கிற பழக்கம் மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அது பள்ளியில் வருவது. வயது போதுமென்றால் தாடி நரைத்தவருக்கு வந்திருக்க வேண்டாமா?

“முன்மூளை இருபத்தைந்து வாக்கில்தான் முதிர்கிறது, அதுவரை பொறுங்கள்” என்றார் இன்னொரு நண்பர். பொறுத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த ஆண்டுகளில்தான் புழங்காத நரம்பிணைப்புகள் கழிகின்றன, புழங்குபவை உறுதிப்படுகின்றன. எதைப் புழங்கவிட்டோம் என்பதுதான் கேள்வி. பதினாறு வயதுப் பிள்ளையிடம் மாதம் 500 ரூபாயைக் கொடுத்து அவன் செலவை அவனே பார்க்கச் சொல்லுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் திட்டாதீர்கள், மேலே கொடுக்கவும் கொடுக்காதீர்கள். “எங்க போச்சுப்பா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடி மூன்று விநாடி காத்திருங்கள். நம்மால் ஒரு விநாடிகூடப் பொறுக்க முடிவதில்லை. பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். மூன்று விநாடி மௌனம்தான் அந்த வயதுக்கான கல்.

மணி அடித்துவிட்டார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே.

அமெரிக்காவில் ரோசெஸ்டர் என்ற ஊர். 2013-ல் வெளிவந்த ஆய்வு. மூன்று முதல் ஐந்து வயது வரை 28 பிள்ளைகள். “இந்தப் பழைய கிரேயான் வேண்டாம், காத்திரு, நல்லது கொண்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குக் கொண்டு வந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து “மன்னிச்சிடு, இல்லை” என்றார்கள். ஸ்டிக்கரிலும் அப்படியே. அதன் பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, “தின்னாமல் இருந்தால் இன்னொன்று” என்றார்கள். கால் மணி நேரம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பக்கம் 14 பேரில் 9 பேர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட பக்கம் 14 பேரில் ஒரே ஒரு பிள்ளை. சராசரியாக மூன்று நிமிடம்; அதற்குள் மிட்டாய் வாயில்.

அந்தப் பிள்ளைகளுக்கு அறிவில்லையா, அடக்கமில்லையா? இரண்டு முறை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். மூன்றாவது முறை சரியாகவே கணக்குப் போட்டார்கள்: இவங்க கொண்டு வர மாட்டாங்க.

காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது “சாயந்தரம் வாங்கிட்டு வரேன்டா கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேர்கிறோம். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து, அம்மாவின் பையை வெளியிலிருந்தே தடவிப் பார்க்கிறதே ஒரு சின்னக் கை... அந்தக் கைக்கு ஒரு கிரேயான் டப்பா தட்டுப்படட்டும், தாயே. பத்து ரூபாய் டப்பா போதும்.

வணக்கம்.