தாய்க்கு ஊட்டம் குறைஞ்சா, குழந்தையோட அமினோ அமிலக் கணக்கு எங்க இடிக்குது?

(திரையில்: எவர்சில்வர் தட்டு. சோறு, ரசம், ரெண்டு அப்பளம்.)

ஆறு மாசக் கர்ப்பிணி ஒருத்தரோட மதியச் சாப்பாடு இதுன்னு வச்சுக்குவோம். 100 கிராம் அரிசி வடிச்ச சோறு. இதுலயே சுமார் 7 கிராம் புரதம் இருக்கு. வயிறும் நிறைஞ்சிடும். ஆனா புரதம்ங்கிறது அமினோ அமிலம்ங்கிற சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்தது. அதுல ஒண்ணான லைசின் அரிசிப் புரதத்துல குறைவு.

(திரையில்: பாரிமுனை பூக்கடை. மாலை கட்டும் கைகள்.)

சம்பங்கி, ரோஜா, மரிக்கொழுந்துன்னு வரிசையா கட்டுறாங்க. ரோஜா தீர்ந்துட்டா, சம்பங்கி கூடை கூடையா இருந்தாலும் கை நின்னுடும். உடம்பு புரதம் கட்டுறதும் இப்படித்தான், லைசின் தீர்ந்தா மத்ததெல்லாம் மிச்சமாகும். மிச்சமாகிற அமினோ அமிலத்தை நாளைக்குன்னு எடுத்து வைக்க முடியாது. கல்லீரல் அதை எரிச்சு, நைட்ரஜனை யூரியாவா வெளியே அனுப்பிடும்.

(திரையில்: நஞ்சுக்கொடி, நெருக்கத்தில்.)

அமினோ அமிலம் குழந்தைக்குத் தானா வழிஞ்சு போறதில்ல. தாயோட ரத்தத்துல இருக்கிறதை விட கருவோட ரத்தத்துல அதிகமா இருக்கிற அளவுக்கு நஞ்சுக்கொடி பம்ப் பண்ணுது. புரதம் குறைச்ச தீனி கொடுத்த எலிகள்ல, கருவோட எடை குறையறதுக்கு முன்னாடியே இந்த பம்ப்ல ஒரு வகை மந்தமாயிடுச்சு. எடை குறையறது பின்னாடி வர்ற விளைவுதான்.

இப்போ கிளைசின். அமினோ அமிலங்கள்லயே சின்னது இதுதான். உடம்பே தயாரிச்சுக்கும், அதனால கவலை இல்லைன்னு பாடப் புத்தகம் சொல்லும். வளர்ற கருவுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. தோலையும் எலும்பையும் கட்டுற கொலாஜன் புரதத்துல மூணுக்கு ஒண்ணு கிளைசின். ரத்தத்துக்குச் சிவப்பு தர்ற ஹீம், தசைக்குச் சக்தி தர உதவுற கிரியாட்டின், செல்லைக் காக்கிற குளூட்டத்தையோன் எல்லாத்துக்கும் அதே சரக்குதான் போகணும். செரின்ங்கிற இன்னொரு அமினோ அமிலத்துல இருந்து கிளைசின் பண்ணும்போது ஒரு கார்பன் பிரியும், அதை ஃபோலேட்ங்கிற பி வைட்டமின் வாங்கிக்கும். அந்த ஃபோலேட் சுமையை இறக்கி வச்சுட்டுத் திரும்பி வர்றதுக்கு வைட்டமின் பி12 வேணும். பி12 இல்லைன்னா ஃபோலேட் சுமையோட அப்படியே மாட்டிக்கும். மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் மறுபடி உருவாகாது, கிளைசின் தயாரிப்பும் தடுமாறும்.

இதை எலிகள்ல பிரிச்சே பார்த்திருக்காங்க. கர்ப்பத்துல 9 சதவீதப் புரதத் தீனி மட்டும் கிடைச்ச எலிகளோட குட்டிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுச்சு. தாயோட தீனியில 3 சதவீதம் கிளைசின் சேர்த்தப்போ அது கூடலை. அதே நைட்ரஜனை அலனைனாவோ யூரியாவாவோ கொடுத்தா பலன் இல்லை. புரதம் எத்தனை கிராம்னு மட்டும் எண்ணிக்கிட்டிருந்தா போதாதுன்னு நாங்க சொல்றது இதனாலதான்.

டாரின்ங்கிற இன்னொரு அமினோ அமிலத்தோட கதையும் இதே வழிதான். மெத்தியோனின்ல இருந்து சிஸ்டீன், சிஸ்டீன்ல இருந்து டாரின். கருவோட கல்லீரல்ல சிஸ்டீன் தயாரிக்கிற நொதி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, தாய்கிட்டருந்து வந்தாகணும். டாரின் குறைஞ்ச எலிக்குட்டிகளோட கணையம் இன்சுலினைச் சரியா சுரக்கலை.

(திரையில்: கல்லீரல்.)

புரதம் குறைஞ்ச தீனி தின்ன தாய் எலிகளோட குட்டிகளுக்கு, பிறந்த பிறகும் கல்லீரல்ல குளுக்கோஸ் தயாரிக்கிற நொதி கூடுதலாவும், குளுக்கோஸைப் பிடிச்சு வைக்கிற நொதி குறைவாவும் இருக்கு. பஞ்சத்துக்குத் தயாரான கல்லீரல். வெளியே வந்தா பஞ்சம் இல்லை, பிரியாணி இருக்கு.

மனுஷங்கள்ல? புனேயில 1993ல தொடங்கின ஆய்வுல குழந்தைகளோட சராசரி எடை சுமார் 2.7 கிலோ. தசை கம்மி, கொழுப்பு அந்த அளவுக்குக் கம்மியில்லை. கர்ப்பத்துல பி12 குறைவாவும் ஃபோலேட் அதிகமாவும் இருந்த தாய்மாரோட பிள்ளைகளுக்கு 6 வயசுல இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியா மசியாத நிலை, அதிகமா இருந்துச்சு. இதைக் கேட்டுட்டு ஃபோலேட் தர்ற ஃபோலிக் மாத்திரையை நிறுத்திடாதீங்க! பி12 எவ்வளவு இருக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. முட்டை, மீன் சாப்பிடாதவங்க கட்டாயம் கேக்கணும். பாலும் தயிரும் மட்டுமே பல பேருக்குப் பத்தாது.

(திரையில்: அதே தட்டு. பொருட்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.)

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி, வழக்கமான அளவோட நாலாவது மாசத்துல இருந்து தினம் 9.5 கிராம், ஏழாவது மாசத்துல இருந்து 22 கிராம் புரதம் கூடுதலா வேணும். 30 கிராம் துவரம்பருப்புல 6 கிராமுக்கு மேல கிடைக்கும், அரிசியில குறையற லைசினும் அதுல இருக்கு. ஆனா தண்ணியா வச்ச சாம்பார்ல ஒரு கரண்டிக்கு அவ்வளவு பருப்பு வராது. கூட்டா, கெட்டிப் பருப்பா போடுங்க. ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராம், 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னொரு 6. அங்கன்வாடி சத்துமாவு வாங்கினா, பெரிய பிள்ளைக்குப் போகாம அம்மா வயித்துக்கே போகட்டும்.

ஆட்டுக்கால் சூப்ல கிளைசின் நிறைய உண்டு. ஆனா கொலாஜன்ல டிரிப்டோஃபேன் கிடையாது, அதனால அது முட்டைக்கு மாத்து ஆகாது.

புரோட்டீன் பவுடர் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. சோறே சரியா இறங்காதப்போ பவுடரை மட்டும் கலக்கிக் குடிச்சா, உடம்பு அதையும் எரிபொருளாத்தான் எரிக்கும். ஊட்டம் குறைஞ்ச பகுதிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது சமச்சீர் உணவு: மொத்த கலோரியில புரதம் 25 சதவீதத்துக்குக் கீழ. அதுக்கு மேல புரதம் ஏத்தின உணவை அது பரிந்துரைக்கலை. கர்ப்ப மாசத்துக்கு ஏத்த எடை இல்லாத குழந்தை பிறக்கிற வாய்ப்பு அதுல கூடலாம்னு ஒரு சோதனை காட்டியிருக்கு.

குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழ பிறந்துட்டா, கொழுகொழுன்னு ஆக்கணும்னு நீங்களா டப்பா பால் கலந்து கொடுக்காதீங்க. 6 மாசம் தாய்ப்பால் மட்டும். குறைமாசக் குழந்தைன்னா கூடுதலா என்ன சேர்க்கணும்னு டாக்டர் சொல்வாங்க.