யூதாஸ் வெளியேறிய பிறகு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1523ஆம் ஆண்டில் செய்த ஒரு மரச்செதுக்கு அச்சுப்படத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவில் சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவே அதன் பொருள்.

ஐரோப்பிய ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிவந்த காட்சி அது. தம்மோடு உண்பவர்களுள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு அறிவித்ததும் பந்தியில் எழும் கலக்கத்தைத்தான் பலரும் வரைந்தார்கள். மிலான் நகர மடமொன்றின் உணவுக்கூடச் சுவரில் லியனார்டோ டா வின்சி தீட்டியதும் அதையே. டியூரரும் 1510இல் இக்காட்சியை அச்சுப்படமாக்கியபோது பன்னிரு சீடர்களையும் இயேசுவைச் சுற்றி அமர்த்தினார்.

1523ஆம் ஆண்டுப் படத்தில் சீடர்களை எண்ணிப் பார்த்தால் பதினொருவரே இருக்கிறார்கள். காட்டிக்கொடுக்கவிருந்த சீடன் யூதாஸ் எழுந்து போய்விட்டான். அவன் போன பிறகு, எஞ்சியிருந்தவர்களிடம் ஒருவர்மேல் ஒருவர் அன்பாயிருக்க வேண்டும் என்ற புதிய கட்டளையை இயேசு கொடுத்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. அந்தக் கட்டளையின் வேளையையே டியூரர் எடுத்துக்கொண்டார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். துரோகத்தின் கதையாகவே பார்த்துப் பழகிய காட்சியை, துரோகி இல்லாத கூட்டத்தின் கதையாக மாற்றிய இந்தத் துணிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மேசையைப் பாருங்கள். விரிப்பின்மீது ஒரு கிண்ணம் மட்டுமே நிற்கிறது. வழக்கமாகப் பந்தியின் நடுவே இடம்பெறும் ஆட்டிறைச்சியை, பாஸ்கா என்னும் யூதப் பெருவிழாவுக்குரிய பலியாட்டின் இறைச்சியை, காணோம். அதற்குரிய பெரிய தட்டு வெறுமையாகத் தரையில் கிடக்கிறது. அப்பக் கூடையும் திராட்சை இரசச் சாடியும் தரையிலேயே, பார்ப்பவருக்கு மிக அருகில் வைக்கப்பட்டிருக்கின்றன. பின்சுவரிலோ ஒரு வட்டச் சாளரத்தைத் தவிர அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை.

இந்த வெறுமைக்குக் காலத்தின் காரணம் உண்டு. அந்த இராவுணவை நினைந்து அப்பமும் இரசமும் கொண்டு தேவாலயத்தில் நடத்தப்படும் திருப்பலி என்பது மீண்டும் செலுத்தப்படும் பலியன்று என்றும், குருக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இரசக் கிண்ணம் பொதுமக்களுக்கும் தரப்பட வேண்டும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையைச் சீர்திருத்த முனைந்த ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதர் 1520இல் எழுதினார். டியூரர் லூதரை உள்ளன்போடு மதித்தவர். 1521இல் ஆன்ட்வெர்ப் நகரில் தங்கியிருந்தபோது, லூதர் பிடிபட்டார் என்ற வதந்தி எட்டியதும், தம் பயண நாட்குறிப்பில் நீண்ட புலம்பலையே எழுதிவைத்தார். ஆகவே, பலியாட்டின் தட்டை வெறுமையாக்கி, கிண்ணத்தைத் தனியே நிறுத்தி, அப்பத்தையும் இரசத்தையும் நம் பக்கம் நகர்த்தியது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை. அந்த வாதங்களைப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தத் தட்டும் கிண்ணமும் விளங்கியிருக்கும்.

சுவரோவியத்தைக் காண மிலானுக்குத்தான் போக வேண்டும். மரக்கட்டையில் மேடாக விடப்பட்ட கோடுகளில் மை பூசித் தாளில் ஒற்றியெடுக்கும் இப்படமோ பல பிரதிகளாகிச் சந்தைகளுக்கும் வீடுகளுக்கும் போகக்கூடியது. அதன் அகலமும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். நியூரம்பெர்க் நகர மன்றம் லூதரின் சமயச் சீர்திருத்தத்தை ஏற்றது 1525இல். படம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது.